கூண்டில் நிறைந்த ஆண்கள்

குரு என்றால் நரைத்த தாடியும் மரத்தடியும் வேண்டும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சுடிதார் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வருவார். சீடருக்கு ஐம்பத்தொன்பது. அவருக்குத்தான் நரைத்த மீசை.

குருவின் பெயர் பொற்கொடி. கொல்லிமலை அடிவாரத்தில், பயிர்ப் பூச்சிகளை ஆராயும் சின்ன நிலையம் ஒன்றில் குளவிகளை இனம் பிரிப்பது அவர் வேலை. குளவி என்றதும் சுவரில் மண்கூடு கட்டிக் கொட்டுகிற குளவியை நினைத்துப் பயப்பட வேண்டாம். இவை கடுகில் பாதிகூட இருக்காது. இன்னொரு பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். அந்தக் குஞ்சு பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, அதன் முதுகைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒட்டுண்ணிக் குளவி என்று பெயர்.

சீடர் நல்லுசாமி. குச்சிக்கிழங்கு போடுகிற விவசாயி. வேறு பக்கத்துக்காரர்கள் அதை மரவள்ளி என்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய கிழங்குக் காட்டில் மாவுப்பூச்சி விழுந்தது. செடியின் நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாய் அப்பிக்கொண்டு, இலை சுருண்டு, முட்டைக்கோஸ் மாதிரி ஆகிவிட்டது. நான்கு இலையைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். பொற்கொடி இலையைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துக் கொடுத்தார். உள்ளே தூசி மாதிரி என்னவோ குதித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங் அம்மிணி, மருந்து கேட்டா கொசுவப் புடிச்சுக் குடுக்கறீங்க?"

"கொசு இல்லைங்க ஐயா. வாங்க, பாருங்க."

மைக்ரோஸ்கோப் முன்னால் அவரை உட்கார வைத்தார். நல்லுசாமி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

தூசி என்று அவர் நினைத்தது தேன் நிறத்தில் பளபளத்தது. தலையில் இரண்டு கொம்பு. கொம்பின் அடித்துண்டு தட்டையாய், இலை மாதிரி அகன்று, கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்டிருந்தது. நடுக்காலில் ஒரு தடித்த முள். அதை ஊன்றித்தான் குதிக்கிறது. இறக்கையில் ஒரே ஒரு நரம்பு, அதுவும் பாதி வழியில் நின்றுவிட்டது. விளிம்பு முழுக்கக் கண் இமை மாதிரி மயிர். இவ்வளவையும் அந்தத் துளியூண்டு உடம்பில் யார் உட்கார்ந்து செய்தார்கள் என்று அவருக்கு மலைப்பாய் இருந்தது. கொண்டுவந்து வைத்த டீ ஆறி, மேலே ஆடை படிந்தது.

கடைசியில் நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார். தட்டில் இன்னும் பத்துப் பதினைந்து விதமான குளவிகள் கிடந்தன.

"அம்மிணி, இதுல நல்லது எது, கெட்டது எதுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கறதுங்க?"

"கொம்புல எத்தனை கணு இருக்குன்னு எண்ணுங்க."

காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நல்லுசாமி அதே கேள்வியை இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார்.

"எண்ணிட்டீங்களா ஐயா?" என்றார் பொற்கொடி.

எண்ணினார். அன்றிலிருந்து அம்மிணி போய், டீச்சர் ஆயிற்று.

வாரத்துக்கு ஒரு நாள், வியாழக்கிழமை, பஸ் பிடித்து வந்துவிடுவார். வீட்டில் கேட்டால் கிழங்கு விஷயமாகப் போகிறேன் என்பார். உண்மையில் குளவி பார்க்கத்தான் போனார். பொற்கொடியிடம் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதில் கேள்வி கேள்வியாக இருக்கும். இறக்கையில் நரம்பு நிறைய உண்டா? உண்டென்றால் இந்தப் பக்கம் போ, இல்லையென்றால் அந்தப் பக்கம் போ. பாதத்தில் எத்தனை துண்டு? மூன்றென்றால் ஒரு குடும்பம், ஐந்தென்றால் அடுத்த கேள்விக்குப் போ. பின்தொடை வீங்கியிருக்கிறதா? நடுக்காலில் முள் உண்டா? இப்படியே ஆமாம், இல்லை என்று போய்க்கொண்டே இருந்தால், ஊர் பேர் தெரியாத ஒரு பூச்சி தன் குடும்பத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நல்லுசாமிக்கு அது கோயில் பிராகாரத்தைச் சுற்றி மூலவரிடம் போய்ச் சேர்வதுபோல இருந்தது. வாய்விட்டும் சொன்னார்.

"மூலவர் ஓடிட்டாரு பாருங்க," என்றார் பொற்கொடி. தட்டிலிருந்து குளவி குதித்துப் போயிருந்தது.

அப்படிப் படிக்கும்போதுதான் ஆண், பெண் விஷயத்தையும் சொல்லிக்கொடுத்தார். இந்தத் தேன்நிறக் குளவியில் பெண் ஒரு மாதிரி, ஆண் ஒரு மாதிரி. ஆண் சின்னது, கறுப்பு. கொம்பு மெலிந்து, நீள நீளமாக மயிர் முளைத்திருக்கும். அண்ணன் தங்கை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொன்றும் சொன்னார். ஆணோடு சேராமலே பெண் முட்டை வைத்தால், பிறப்பதெல்லாம் ஆணாகவே பிறக்கும்.

நல்லுசாமி இதையெல்லாம் அப்படியே மனதில் வாங்கிக்கொண்டார். வினை அங்கேதான் பிடித்தது.

இந்த வருடம் மழை தப்பியது. மாவுப்பூச்சி திரும்ப வந்தது, இந்த முறை ஊர் முழுக்க. நல்லுசாமி மாட்டுக்கொட்டகையை ஒதுக்கி, கொசுவலையில் கூண்டு கட்டி, உள்ளே தொட்டியில் கிழங்குச் செடி வைத்து, குளவி வளர்க்க ஆரம்பித்தார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மூணே வாரம். யாரும் மருந்தடிக்காதீங்க. அடிச்சா நான் உடற குளவியும் செத்துப்போகும். மூணாவது ஞாயித்துக்கெழமை கூண்டைத் தொறந்து உடறேன். அப்பறம் பாருங்க."

அவர் சொன்னால் ஊரில் கேட்பார்கள். கேட்டார்கள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக இரண்டு ஏக்கர் கிழங்கைப் பார்த்துக்கொள்ளும் பாவாயிகூட, வாங்கி வைத்திருந்த மருந்து டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டது.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை நல்லுசாமி ஒரு குழாயோடு வந்தார். முகத்தில் மாப்பிள்ளை வீட்டுக் களை.

"டீச்சர், கூண்டுல நிக்க எடமில்லீங்க. அவ்வளவு இருக்குது. ஒரே ஒரு சந்தேகம். பொண்ணு கம்மியா இருக்குதுங்க. பூராவும் ஆம்பளை. சேராம முட்டை வச்சிருச்சோ என்னமோ. ஏனுங்க அப்படி?"

பொற்கொடி குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அதிலிருந்து மூன்று கறுப்புக் குளவிகளைத் தட்டில் வைத்து, ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"மூணோட கொம்பையும் வரைங்க ஐயா."

"ஆம்பளைதானுங்க. பாத்தாலே தெரியுதுங்களே. கறுப்பு, சிறுசு."

"வரைங்க."

நல்லுசாமி குனிந்தார். முதல் குளவியின் கொம்பை வரைந்தார். மெலிந்த கணுக்கள், ஒவ்வொன்றிலும் நீள மயிர். இரண்டாவதுக்குப் போனார். பென்சில் நின்றது.

மயிர் இல்லை. கொம்பின் நுனி ஒரே துண்டு. கணுவே இல்லாமல், உலக்கை மாதிரி நீண்டு திரண்டிருந்தது. அதற்கு முன்னால் நசுங்கிய மோதிரங்கள் மாதிரி சில குட்டித் துண்டுகள். இறக்கையைப் பார்த்தார். ஆண் குளவிக்கு இறக்கை முழுக்கப் பொடி மயிர் தூவியிருக்கும். இதற்கு நடுவில் ஒன்றுமே இல்லை, துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. விளிம்பில் மட்டும் நீளமாய் மயிர். மூன்றாவதைப் பார்த்தார். அதுவும் உலக்கை.

"டீச்சர், இது ஆம்பளை இல்லீங்க."

"ம்."

"அந்தச் சாதியே இல்லீங்க இது."

"ம். வேற குடும்பம்."

"அப்ப என் கூண்டுல இது என்ன பண்ணுது?"

பொற்கொடி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

"உங்க குளவி மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வைக்குதுல்ல? இது அதே பூச்சியைத் தேடி வரும். உள்ள இருக்கிற உங்க குளவியோட குஞ்சுக்குள்ள இது முட்டை வைக்கும்."

நல்லுசாமி பென்சிலைக் கீழே வைத்தார்.

"அப்ப ஞாயித்துக்கெழமை நான் கூண்டைத் தொறந்திருந்தா?"

"இதைத்தான் நிறைய விட்டிருப்பீங்க."

"எப்பிடிங்க உள்ள போச்சு?"

பொற்கொடி மேசை இழுப்பறையைத் திறந்து, மருந்தில்லாத வெற்று மாத்திரைக் கூடுகள் அடங்கிய ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். அதைப் பார்த்ததும் நல்லுசாமி தலையைக் குனிந்துகொண்டார். அதே மாதிரி ஒரு பாக்கெட் அவர் வீட்டு அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது.

காட்டில் மாவுப்பூச்சி சில சமயம் காய்ந்து, பழுப்பாகிக் கூடு மாதிரி இறுகியிருக்கும். உள்ளே குளவி இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் குளவி என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் ஒவ்வொரு கூட்டையும் ஒவ்வொரு மாத்திரைக் கூட்டுக்குள் தனியாகப் போட்டு மூடி, வெளியே வருவதைக் கொம்பு பார்த்த பிறகுதான் கூண்டில் விட வேண்டும். பொற்கொடி பாக்கெட்டைக் கொடுத்தபோதே சொன்ன விஷயம். நல்லுசாமி நானூறு கூட்டை எவன் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று, இலையோடு பறித்து வந்து அப்படியே கூண்டுக்குள் கொட்டியிருந்தார். கறுப்புக் குளவி பெருகப் பெருக, ஆண்கள் நிறையப் பிறக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருந்தார். ஒன்றும் தெரியாதவராக இருந்திருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பார். கொஞ்சம் தெரிந்திருந்தது. அதனால் அவரிடம் காரணம் இருந்தது.

"சனியன்," என்றார். தன்னைச் சொன்னாரா குளவியைச் சொன்னாரா தெரியவில்லை. "போயி கூண்டோட கொளுத்திப்போடறேன்."

பொற்கொடி அதைக் கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. உலக்கைக் கொம்புக் குளவி ஒன்றை மெல்லிய தூரிகையால் எடுத்தார். முக்கோணமாக வெட்டிய அட்டைத் துண்டின் நுனியில் பசை தொட்டு, கால் மடங்காமல், இறக்கை ஒட்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை ஒட்டினார். தேன்நிறப் பெண்ணை ஒட்டும்போது எவ்வளவு பதனமோ, இதற்கும் அவ்வளவு பதனம். அட்டையை ஓர் ஊசியில் குத்தி மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.

"இப்ப பாருங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தார் நல்லுசாமி. ஆனால் கண் வேறு, கோபம் வேறு. கரிய உடம்பு எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி மின்னியது. விளிம்பு மயிர் ஒவ்வொன்றும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் நின்றது. இன்னொரு பூச்சியின் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் குஞ்சை வெளியே நின்றே கண்டுபிடிக்கிற கொம்பு அது. அழகாக இருந்தது. அழகாக இருக்கிறதே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

பொற்கொடி ஒரு சின்னச் சீட்டில் எழுத ஆரம்பித்தார். ஊர், தேதி, எந்தப் பூச்சியிலிருந்து வந்தது. கடைசி வரியில், சேகரித்தவர்: நல்லுசாமி.

"டீச்சர், என் பேரு வேண்டாமுங்க."

"யார் கொண்டு வந்தாங்கன்னு இருக்கணுங்க ஐயா."

"ஆளு தெரியாதுன்னு போட்டுருங்க. நாளைக்கு எவனாச்சும் எடுத்துப் பாத்தா, இவன்தான் இதை வளத்த மடையன்னு சொல்லுவாங்க. ஊர்லயும் ஞாயித்துக்கெழமைக்கு வேற எதாச்சும் சாக்குச் சொல்லிக்கறேன். வெயில்ல குளவி செத்துப்போச்சுன்னு சொன்னா ஆச்சு."

பொற்கொடி எழுந்து போய், சுவரோரம் இருந்த அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டு வந்தார். கண்ணாடி மூடியைத் திறந்து, ஓரத்தில் இருந்த ஊசியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஊசியின் உச்சியில் அட்டைத் துண்டு, அதில் ஒரு கறுப்புக் குளவி. அதற்குக் கீழே ஒரு சீட்டு: ஆண். இனம் பிரித்தவர், பொற்கொடி. அதற்கும் கீழே, ஆறு வருடம் கழித்த தேதியில், இன்னொரு சீட்டு: ஆண் அல்ல. வேறு குடும்பம். இனம் பிரித்தவர், பொற்கொடி.

நல்லுசாமி லென்ஸ் வைத்துக் கொம்பைப் பார்த்தார். உலக்கை.

"நீங்களுமா?"

"ம்."

"சரி, தப்புன்னு தெரிஞ்சப்பறம் பழைய சீட்டைக் கழட்டிப் போட்டிருக்கலாமே."

"கழட்டுறது வழக்கம் இல்லைங்க ஐயா."

அவ்வளவுதான் சொன்னார். நல்லுசாமி ஊசியைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுப் பெட்டியில் குத்தி வைத்தார். பிறகு மேசையில் இருந்த சீட்டை, தன் பெயர் எழுதியதை, அவரே எடுத்துக் குளவியின் கீழே ஊசியில் ஏற்றினார். மாத்திரைக் கூடு பாக்கெட்டையும் லென்ஸையும் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பன்னிரண்டு பேரும் அவர் காட்டில் கூடினார்கள். நல்லுசாமி கூண்டைத் திறக்கவில்லை. கையில் ஒரு குழாயை வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னார். நானூறு கூட்டைக் கொட்டியது, கறுப்பை ஆண் என்று நம்பியது, சாக்குச் சொல்ல நினைத்தது, எல்லாவற்றையும்.

நான்கு பேர் அங்கேயே திட்டினார்கள். உன் பேச்சைக் கேட்டு மூன்று வாரம் போச்சு, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று கேட்டுவிட்டு மருந்தடிக்கப் போனார்கள். நல்லுசாமி அவர்களைத் தடுக்கவில்லை. அவர்கள் கேட்டதில் தப்பில்லை என்றுதான் அவருக்குத் தோன்றியது.

பாவாயி நகராமல் நின்றது.

"அண்ணா, உங்கள நம்பித்தானே நானும் மருந்தை உள்ள வச்சேன்?"

"ஆமா தாயி."

"நீங்களேதான் கொண்டாந்து உட்டீங்களா அதை?"

"நானேதான்."

"குடுங்க, பாக்கலாம்."

லென்ஸை வாங்கிக் குழாயின் மேல் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது. வெகு நேரம் பார்த்தது.

"எம் பொழப்பைக் கெடுக்க வந்தது, எத்தனை லட்சணமா இருக்குது பாரு பாவி," என்றது. லென்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "அந்த மாத்தரக் கூடு எங்க? எத்தனை நான் மூடறது?"

கூண்டுக்குள் பறந்ததெல்லாம் பறந்தபடியே அடைபட்டுக் கிடக்க, நல்லுசாமியும் பாவாயியும் மீதி ஏழு பேரும் வெளியே காட்டில் சல்லடை போட்டுத் தேடினார்கள். பழுப்புக் கூடுகளை இலை இலையாகக் கிள்ளி, ஒவ்வொன்றாக மாத்திரைக் கூட்டில் மூடினார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு நாள் பொறுமையாக மூடிவிட்டு, மூன்றாம் நாள் கண் வலிக்கிறது என்று போய்விட்டார். பதினோரு நாளில் வெளியே வந்ததைக் கொம்பு பார்த்துப் பிரித்தார்கள். உலக்கை ஒரு பக்கம், மயிர் ஒரு பக்கம், கறுப்பு வெள்ளைப் பட்டை ஒரு பக்கம். தேறியது அறுபத்து மூன்று ஜோடி. கூண்டு நிறைய இருக்கிறது என்று அவர் பீற்றிக்கொண்டதற்கு இது ஒரு கை மண்தான். ஆனால் அறுபத்து மூன்றும் எது என்று அவருக்குத் தெரியும். முதல் குழாயைப் பாவாயியின் காட்டில் திறந்தார். பிடிக்குமா பிடிக்காதா என்று சொல்ல இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

அடுத்த வியாழக்கிழமை நிலையத்துக்கு வந்தார். பொற்கொடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, அந்த உலக்கைக் கொம்பை வரைந்துகொண்டிருந்தார். நல்லுசாமி எதிரில் உட்கார்ந்தார். அவருடைய பெயர்ச்சீட்டு குத்திய ஊசி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வரிசையின் நடுவில் நின்றது. ஒரு பக்கம் வேறொரு கறுப்பு, மறுபக்கம் ஒரு பொன் பச்சை.

"டீச்சர், மொத நாள் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். நீங்க பதிலே சொல்லலீங்க."

"நல்லது எது, கெட்டது எது."

"ஞாபகம் வச்சிருக்கீங்க." அவர் கொஞ்சம் தயங்கினார். "இந்தக் கறுப்பைக் கெட்டதுங்களுக்குன்னு ஒரு பெட்டியில வைப்பீங்கன்னு நெனச்சேன். எல்லாத்தோடயும்தான் நிக்குது."

பொற்கொடி வரைந்துகொண்டிருந்தார்.

"ஊர்ல நாலு பேரு என்னைக் கெட்டவன்னுட்டாங்க. பாவாயி நல்லவருங்குது. நான் ரெண்டையும் கேட்டுட்டு வீட்டுக்குப் போயித் தூங்காமப் படுத்துக் கெடக்கறேன். பிரிக்கறது உங்க வேலை. நீங்க சொன்னா நான் ஒத்துக்குவேன். என்னை எந்தப் பெட்டியில வைப்பீங்க?"

பொற்கொடி பென்சிலை வைத்தார். ஆமாம், இல்லை என்று கேள்வி கேட்கும் அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"எந்த உறுப்பைப் பாத்துப் பிரிக்கணும்னு இதுல தேடிச் சொல்லுங்க ஐயா. பாத்துடுறேன்."